இரண்டின் 255ஆம் அடுக்கு, கழித்தல் 19

மும்பையின் டிராம்பேயில், பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சீத்தா கேம்ப்பிலிருந்து ஊரிலுள்ள தாயாருக்கு “சாப்பிட்டியாம்மா?” என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போகிறது. நடுவில் யாரும் படிக்காதபடி அதைப் பூட்டும் சாவியை, இரண்டு போன்களும் ஒரு பகா எண்ணை வைத்துத்தான் பேசி முடிக்கின்றன. 255 இரண்டுகளைப் பெருக்கி 19-ஐக் கழித்தால் அந்த எண். 77 இலக்கம், 578960446 என்று தொடங்கி 819949 என்று முடியும். இந்தச் சாவி முறையை முன்வைத்து மறையீட்டியல் அறிஞர் டேனியல் பெர்ன்ஸ்டைன் 2006-இல் வெளியிட்ட கட்டுரை இந்த எண்ணின்மேல்தான் எழுப்பப்பட்டது.

ஏன் 19? 1-ஐக் கழித்துப் பாருங்கள், 7 வகுத்துவிடும். 3-ஐக் கழித்தால் 5 வகுக்கும். 5-ஐக் கழித்தால் 3. 9-ஐக் கழித்தால் 17. பென்சிலும் தாளும் போதும், பள்ளிப் பிள்ளைகளே சரிபார்க்கலாம். 11, 13, 15, 17 எல்லாமே இப்படிச் சின்ன எண்களிடம் மாட்டிக்கொள்பவை. 7-ஐக் கழித்தாலும் பகு எண்தான், ஆனால் அவ்வளவு லேசில் பிடிபடாது. 19-இல்தான் முதல் பகா எண் கிடைக்கிறது.

எனக்கு இதன் பேரழகு, சாவிக் கணக்கில் வரும் பெருக்கற்பலன்களை இந்த எண்ணால் வகுத்து மீதி காண்பதில்தான். பிரம்மாண்டமான பெருக்கற்பலனை 77 இலக்க எண்ணால் வகுப்பது கணினிக்கே பாரம். இங்கே வகுக்கவே வேண்டாம்! இரும வடிவில் 255 இலக்கத்துக்கு மேல் வழிந்த பகுதியை 19-ஆல் பெருக்கி, மிச்சத்தோடு கூட்ட வேண்டும். மறுபடி வழிந்தால் மறுபடி அதே. விலை குறைந்த போனும் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்துவிடும். கழிக்கும் எண் இத்தனை சிறியதாக அமைந்தது பெரிய கொடை. இந்தப் பகா எண்ணை 8-ஆல் வகுத்தால் மீதி 5 என்பதால், இதன் கணக்கில் வர்க்கமூலம் காணவும் நேர்வழி உண்டு.