முடிவுக்குப் பின் வந்த மதிப்பீடு

ஒரு நூலை விமர்சிக்கப் புகும்போது, அது எப்போது, யாருக்காக எழுதப்பட்டது என்று முதலில் கேட்கிறோம். அணையோ தொழிற்பேட்டையோ எழவிருக்கும் நிலத்தின் சதுப்பையும் செடிகொடிகளையும் ஆராய்ந்து எழுதப்படும் சுற்றாடல் அறிக்கையும் ஒரு நூலே. ஒரு பள்ளத்தாக்கின் விதியை எழுதும் அந்நூலைப் பொறியியலாளரின் சொத்தென்று நாம் ஒதுக்கிவிட்டோம். அது தவறு.

கண்டியையே எடுத்துக்கொள்வோம். 1976இல் பொல்கொல்லையில் மகாவலி மறிக்கப்பட்டு, நீரின் ஒரு பகுதி சுரங்கவழியே வடக்கே திருப்பப்பட்டது. 1977இல் பதவியேற்ற அரசு, முப்பதாண்டுத் திட்டத்தை ஆறாண்டுக்குள் சுருக்கியது. இத்துரித திட்டத்தின் சுற்றாடல் மதிப்பீட்டை ஓர் அமெரிக்கப் பொறியியல் நிறுவனம் 1980இல்தான் அளித்தது.

அம்மதிப்பீடு பயனற்றதன்று. பொலன்னறுவைக்கு அப்பால், ஆற்று வெள்ளம் ஏறி வடியும் வில்லுகள் எனப்படும் சதுப்புகளை அது கணக்கிலெடுத்தது. வெள்ளம் வடிந்தபின் முளைக்கும் புல்லே அங்கு யானைக்கும் மாட்டுக்கும் உணவு. மேலே அணையிட்டு வெள்ளத்தை அடக்கினால் கீழே அப்புல்வெளி சுருங்கும். கண்டியில் மறிக்கும் நீர் எங்கோ ஒரு மேய்ச்சல் நிலத்தின் உயிர் என்பதை, திட்ட நிலத்தின் வேலிக்குள்ளேயே நிற்கும் ஆய்வு காணாது. மாதுறு ஓயா (1983), வஸ்கமுவை, வெள்ளச் சமவெளி (1984) ஆகிய தேசியப் பூங்காக்கள் இத்திட்டத்தை ஒட்டியே பிறந்தன.

ஆயினும் முடிவு முந்தியது, ஆய்வு பிந்தியது. "இது வேண்டுமா?" என்ற வினாவுக்கு இடமில்லாமற் போய், "எதை மிச்சம் பிடிக்கலாம்?" என்பதே எஞ்சியது. 1985இல் விக்டோரியா அணை திறக்கப்பட்டது. தும்பறைப் பள்ளத்தாக்கின் வயல்களும் பழைய தெல்தெனியா நகரும் நீரில் ஆழ்ந்தன. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது அந்நகரின் இடிபாடுகள் இன்றும் தலைகாட்டுகின்றன. பிந்தி வரும் ஆய்வுக்கு அவையே சாட்சி.

1988இல் தேசிய சுற்றாடற் சட்டம் திருத்தப்பட்டு, அனுமதிக்கு முன்னரே மதிப்பீடு என்ற ஒழுங்கு வந்தது. இது மக்களுக்குக் கிடைத்த வெற்றியே. ஆனால் 1993ஆம் ஆண்டு வர்த்தமானி, நாலு ஹெக்டேயருக்கு மேற்பட்ட ஈரநிலத்தை நிரப்புவதையே பட்டியலிட்டது. மலைகளுக்கிடையே ஒடுங்கிக் கிடக்கும் கண்டியின் சதுப்புகளும் தாழ்வயல்களும் நாலு ஹெக்டேயராக ஒரே நாளில் மறைவதில்லை. காணி காணியாக மறைகின்றன. வயலை நிரப்ப வேறு சட்டத்தின்கீழ் அனுமதி வேண்டும். அது முழுப் பள்ளத்தாக்கின் கணக்கைப் பார்க்கும் மதிப்பீடாகாது. வாவியிலிருந்து நகரினூடே மகாவலியை நோக்கிச் செல்லும் மெத எலயைப் போன்ற ஓடைகளே, ஊறி நிற்க நிலமற்ற மழைநீரை முழுதும் சுமக்க வேண்டியனவாகின்றன. அவை பெருகினால் முதலில் நனைவது கரையோரத்து ஏழையின் குடிசை.

சட்டம் மக்களுக்கு முப்பது நாள் தருகிறது. அந்நாட்களில் அறிக்கையைப் படித்து எழுத்தில் கருத்துரைக்கலாம். ஆசிரியரும் மாணவரும் இதை ஒரு பாடமாகவே கொள்ள வேண்டும். அறிக்கை ஆங்கிலத்தில் மட்டும் இருப்பின், தமிழிலும் சிங்களத்திலும் கேட்போம். அதைக் கையிலெடுத்து அந்நிலத்துக்கே செல்வோம். அங்கு வல்லாரையும் பொன்னாங்காணியும் பறித்து விற்கும் பெண்ணின் பிழைப்பு அதில் எழுதப்பட்டுள்ளதா என்று பார்ப்போம். எழுதப்படவில்லையெனில், முப்பது நாளுக்குள் அதை நாமே எழுதி அனுப்புவோம்.