வெண்புறா விடுதலும் சீவகாருணியமும்

விழாக்களிற் சமாதானக் குறியென வெண்புறாக்களைப் பறக்கவிடும் வழக்கம் மேனாட்டார்பாற் பெருகியுளது. 1988-ல் தென்கொரிய நாட்டுச் சியோல் நகரத்தில் ஒலிம்பிக்கு விழாத் தொடங்கியஞான்று விடப்பட்ட புறாக்களுட் சில தீக்கொப்பரையின் விளிம்பில் அமர்ந்தன. தீ மூட்டப்பட்டபொழுது வெந்து மாண்டன. 2014 சனவரியில் வத்திக்கானத்தே, போப்பாண்டவர் பிரான்சிசு அருகிருப்பச் சிறார் விட்ட இரண்டு புறாக்களைக் கடற்காகமொன்றும் காகமொன்றும் தாக்கின.

ஈண்டுச் சிலர், "சிறைப்பட்ட உயிரை விடுவித்தல் புண்ணியமன்றோ?" என்பர். அது பொருந்தாது. என்னை? விடுதற்பொருட்டே வளர்த்து அடைத்தானொருவன், தான் இட்ட தளையைத் தானே அவிழ்த்து 'அறஞ்செய்தேன்' எனல் கூடாமையின் என்க. வெண்ணிறம் பற்றிப் பலதலைமுறையாகக் கூட்டில் வளர்க்கப்பட்ட சிறுபுறாக்கள் இரைதேர்தலும் பருந்துக்கு ஒளித்தலும் அறியா. அவற்றின் வெண்மையே பகைக்குக் குறியாம். அவற்றிற்குக் கூடுதிறத்தல் வீடன்று, பெரும்பாலும் சாவே.

அற்றேல், இல்லந் திரும்பப் பழக்கிய மாடப்புறாக்களை விடுதல் குற்றமோவெனின், அவற்றுள்ளும் வழிதப்புவனவும் பருந்தின் வாய்ப்படுவனவும் உள. மீண்டனவோ மறுபடியும் கூட்டகத்தனவே. அங்ஙனமாயின் விடுதலை யாண்டையது?

உயிர்கட்குப் பாசநீக்கம் அருளுவோன் பதியே. பாசத்துட்பட்ட மாந்தர், தம்மினும் எளியதோர் உயிரைப் பூட்டித் திறந்து அருளாளர்போலத் தோன்றுதல் ஆணவத்தின் செயலன்றிப் பிறிதன்று. சிபி, புறாவின்பொருட்டுத் தன்னைத் துலையில் இட்டான்; இவரோ, தங் களிப்பின்பொருட்டுப் புறாவை இடருள் இடுகின்றனர். ஒலிம்பிக்கு விழாவினரே பின்னாளில் உயிர்ப்புறாக்களை ஒழித்துப் புறாவுருவங்களை வழங்கலாயினர். திருமணத்திலும் பிற மங்கலங்களிலும் இவ்வழக்கை மேற்கொள்வார் அதனை ஓர்ந்து, கொலைசூழாத நெறியிற் களிப்பாராக.