முக்கூடற் பள்ளில் கணக்கும் நகையும்: பண்ணைக்காரன் பாத்திரத்தை முன்வைத்து

முன்னுரை

தாமிரபரணியும் சிற்றாறும் கூடும் சீவலப்பேரிப் பகுதியைக் களமாகக் கொண்டது முக்கூடற் பள்ளு. ஆசிரியர் பெயர் உறுதிப்படாத இந்நூல் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. உழவுத்தொழிற் செய்திகளுக்காகவும் சைவ வைணவப் பூசலுக்காகவும் இது மிகுதியும் ஆராயப்பட்டுள்ளது. அதிகாரத்தின் முன் நிகழும் பேச்சு இதில் எவ்வாறு நகைக்கு இடமாகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பள்ளன், பள்ளி என்பன இங்கு நூலின் பாத்திரப் பெயர்களாக மட்டுமே ஆளப்படுகின்றன.

முறையீடும் தீர்ப்பும்

பள்ளன் வயல்வேலையைக் கவனியாது மருதூர்ப் பள்ளியாகிய இளையவளிடமே தங்கிவிடுகிறான் என்று முக்கூடற் பள்ளியாகிய மூத்தவள் பண்ணைக்காரனிடம் முறையிடுகிறாள். பள்ளன் தொழுமரத்தில் மாட்டப்படுகிறான். பின்னர் அவளே அவனுக்காகப் பரிந்து பேசி விடுவிக்கிறாள். குற்றம் ஒன்றே, அதனை உரைத்தவளும் ஒருத்தியே. எனினும் முதலில் அவள் சொன்ன சொல் தண்டனையாகிறது; பிறகு சொன்ன சொல் விடுதலையாகிறது. பண்ணைக்காரனின் தீர்ப்பு உண்மையை ஆராய்ந்து பிறப்பதன்று. இறுதியாகக் காதில் விழுந்த சொல்லைச் சார்ந்து பிறப்பது. அவனது தோற்றத்தை எள்ளும் வருணனை மேலோட்டமான நகையே. தீர்ப்பின் இந்நிலையின்மையே நூலின் ஆழ்ந்த அங்கதம் எனலாம்.

கணக்கு ஒப்பித்தல்

விடுதலைக்குப்பின் பள்ளன் விதைவகை, மாட்டுவகை, ஏர்வகை ஆகியவற்றைப் பண்ணைக்காரனிடம் ஒப்பிக்கிறான். இப்பட்டியல்களை அக்கால நெல்வகைகளுக்கும் கால்நடைகளுக்கும் சான்றாகக் கொள்வது ஆய்வுலக வழக்கம். ஆயின், இவை தண்டனையிலிருந்து அப்போதுதான் மீண்ட ஒருவனின் வாக்குமூலங்கள் என்பது நினைக்கத்தக்கது. ஆற்று வெள்ள வருணனையில் வரும் மீன்வகைப் பட்டியலுக்கு அத்தகைய கேட்போன் இல்லை. முன்னது அதிகாரத்தை நிறைவு செய்யக் கூறப்படுவது. பின்னது வளத்தை வியந்து பாடப்படுவது. இரண்டையும் ஒரே தன்மையுடைய தரவாகக் கொள்ளும் ஆய்வாளர் தம்மை அறியாமலேயே பண்ணைக்காரனின் இருக்கையில் அமர்ந்துவிடுகிறார். பட்டியல் பொய் என்பது இதன் பொருளன்று. யாரிடம், எந்நிலையில் கூறப்பட்டது என்பதும் சான்றின் ஒரு பகுதியே என்பதுதான் கருத்து.

அறுவடைக்குப்பின் நெல் அளந்த கணக்கு வருகிறது. அதனைத் தொடர்ந்து தனக்குரியது கிடைக்கவில்லை என மூத்தவள் முறையிடுகிறாள். ஏட்டுக் கணக்கு நிறைந்திருக்க, உழைத்தவள் குதிர் வெறுமையாக இருக்கும் இம்முரண் பிற்கால ஆட்சி அறிக்கைகளுக்கும் பொருந்துவது.

நகையின் எல்லை

உருசிய எழுத்தாளர் கோகோலின் அரசு ஆய்வாளர் (1836) நாடகத்தில், ஆய்வாளர் வருகைக்கு அஞ்சிய நகரத் தலைவர் மருத்துவமனை நோயாளிகளுக்குத் தூய குல்லாய் அணிவிக்கச் சொல்கிறார். அங்கு அதிகாரிகளே மேலிடத்திற்கு அஞ்சி உண்மையை ஒப்பனை செய்கின்றனர். முக்கூடற் பள்ளிலோ ஒப்பனைச் சொல் கீழ்நிலையில் இருப்பவனின் தற்காப்பாகிறது. பண்ணைக்காரனும் நிலவுடைமையாளன் அல்லன், இடைநிலை ஏவலனே. அவனைப் பார்த்துச் சிரிக்க நூல் இடமளிக்கிறது. அவனை அமர்த்திய நிலவுடைமை நகைக்கு அப்பால் நிற்கிறது. உழைப்போரின் குடும்பப் பூசலும் தண்டனையும் வேடிக்கைப் பொருளாவதையும் மறுக்க இயலாது. நூலின் நகை உழைப்போர் பக்கமே நிற்கிறது என முடிவு செய்வது எளிமைப்படுத்தலாகும்.

முடிவுரை

முக்கூடற் பள்ளின் அங்கதம் அதிகாரியின் உருவத்தில் தொடங்கி, அவன் நம்பும் கணக்கில் ஆழ்ந்து, அவனுக்கு மேலுள்ள உடைமையின் வாயிலில் நின்றுவிடுகிறது. பிற பள்ளு நூல்களின் பட்டியல்களையும் சொல்வோன், கேட்போன் உறவில் வைத்து மீள வாசித்தால், இவ்வெல்லை இலக்கிய வகைக்கே உரியதா, இந்நூலுக்கு மட்டும் உரியதா என்பது தெளிவாகும்.