அறுபத்து நான்கில் ஒரு பங்கு

கப்பல் மாதிரியை ரசிக்க விரும்புகிறவர் முதலில் குனிய வேண்டும். நின்றபடி பார்த்தால் மேல்தளமும் கயிறுகளும்தான் தெரியும். கண்ணைத் தண்ணீர்க்கோட்டின் உயரத்துக்கு இறக்கினால், முன்புற அணியத்தில் உயர்ந்து, நடுவில் தாழ்ந்து, பின்புற அமரத்தில் மறுபடி ஏறும் அந்த ஒற்றை வளைவு பிடிபடும். அது ஓரிடத்தில் தட்டினாலும் பிறகு செய்யும் வேலையெல்லாம் வீண். அது சரியாக விழுந்துவிட்டால், ஒரு பீரங்கிகூட ஏறாத நிலையிலும் மேசைமேல் நிற்பது கப்பல்தான்.

திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து விக்டோரியா காலத்துப் போர்க்கப்பல் ஒன்றைக் கட்ட நினைப்பவருக்கு நான் சொல்லும் பெயர் எச்.எம்.எஸ். டிரிங்கோமலி. 1782இல் திருகோணமலைக்கு அருகே பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கப்பற்படைகள் மோதிய போரின் நினைவாக வைத்த பெயர் அது. நெப்போலியன் போர்களால் இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பம்பாயில் இருந்த வாடியா குடும்பத்துப் பார்சிக் கப்பல் தச்சர்களிடம் வேலை வந்து சேர்ந்தது. அவர்களுக்கு மரம் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து போனது. மலபார், திருவிதாங்கூர்த் தேக்கைக் கிழக்கிந்தியக் கும்பெனியின் பிடிக்குள் கொண்டுவர 1806இல் கேப்டன் வாட்சன் நியமிக்கப்பட்டார். 1823 வரை நீடித்த அந்த ஏகபோகத்தின் நடுவில், 1816 மே மாதம், ஜாம்செட்ஜி பொமன்ஜி வாடியா கப்பலின் அடிமரமான ஏராக்காலில் வெள்ளி ஆணி அடித்து வேலையைத் தொடங்கிவைத்தார். 1817 அக்டோபர் 12 அன்று கப்பல் தண்ணீரில் இறங்கியது.

இதற்கென முதலில் அனுப்பிய வரைபடங்கள் பம்பாய்க்கு வந்து சேரவே இல்லை. அவற்றை ஏற்றிவந்த ஜாவா என்ற போர்க்கப்பலை 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் கான்ஸ்டிடியூஷன் என்ற போர்க்கப்பல் தோற்கடித்தது. வேறு பிரதி வந்த பிறகே வேலை நடந்தது. அந்தக் கான்ஸ்டிடியூஷன் இன்றும் பாஸ்டனில் மிதக்கிறது. டிரிங்கோமலி இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. பலகைகளைப் பிணைக்கும் இரும்பை அரிக்கும் அமிலம் ஓக்கில் உண்டு. தேக்கிலோ இரும்பைக் காக்கும் எண்ணெய் உண்டு. இரண்டு நூற்றாண்டு தாண்டியும் நம் மலைமரம் தண்ணீரில் நிற்பதற்கு அந்த எண்ணெயும் ஒரு காரணம்.

1817இல் பிறந்த கப்பலை விக்டோரியா காலத்தது என்று எப்படிச் சொல்வது? அதன் உண்மையான பணிக்காலம் அதுதான். இங்கிலாந்து போய்ச் சேர்ந்ததும் அதைச் சும்மா கட்டிவைத்தார்கள். 1845இல்தான் மறுபடி கை வைத்தார்கள். பீரங்கிகளின் எண்ணிக்கையைக் குறைத்து வலிமையைக் கூட்டினார்கள். பின்புறத்தின் வடிவத்தையே மாற்றினார்கள். 1847இல் கடலுக்குப் போன கப்பல் அட்லாண்டிக்கில் அடிமை வணிகத்தைத் தடுக்கும் காவலில் இருந்தது. 1852 முதல் பசிபிக்கில் நின்றது. ஆகவே மாதிரி கட்டுகிறவர் முதல் மரத்தை அறுப்பதற்கு முன்பே ஆண்டைத் தீர்மானிக்க வேண்டும். 1817இன் அமரத்தையும் 1847இன் பீரங்கிகளையும் ஒரே உடலில் பொருத்தினால், அப்படி ஒரு கப்பல் எந்தக் கடலிலும் ஓடியதில்லை. நல்ல மாதிரி என்பது ஒரு கப்பலின் ஒரு குறிப்பிட்ட நாள்.

அடுத்த முடிவு மரம். தேக்குக் கப்பலைத் தேக்கிலேயே கட்டலாமே என்றுதான் முதலில் தோன்றும். பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிய குதிரமாளிகையின் தேக்கு வேலையைப் பாருங்கள். சுவாதித் திருநாள் கட்டியது, அதாவது டிரிங்கோமலி மறுவடிவம் பெற்ற அதே காலத்தது. இறவாரத்தின் கீழ் 122 மரக்குதிரைகள் வரிசையாக நிற்கும் அந்த அளவில் தேக்கின் ரேகை அழகு சேர்க்கிறது. ஆனால் மாதிரிக்குத் தேக்கு ஆகாது. தேக்கின் மரத்துளை கால் மில்லிமீட்டர் இருக்கும். 64இல் 1 பங்கு அளவில் அதே துளை 16 மில்லிமீட்டர் ஓட்டையாகக் கணக்காகும். விரல் நுழையும் ஓட்டை உள்ள பலகையை எந்தத் தச்சன் கப்பலில் வைப்பான்? சன்னப்பட்டணத்துப் பொம்மைக்காரர்கள் கடையும் வெட்பாலை இதற்குத் தோதான மரம். வெளுத்த நிறம், கண்ணுக்குத் தெரியாத ரேகை, 3 மில்லிமீட்டர் பலகையிலும் கூர்மையாக நிற்கும் விளிம்பு. தேக்கின் நிறத்தைச் சாயத்தால் கொடுத்துவிடலாம். தேக்கைத் தேக்காகக் காட்டத் தேக்கையே விலக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு உண்டு. 64இல் 1 பங்கு மாதிரியை ஒரு மீட்டர் தள்ளிப் பார்ப்பதும், நிஜக் கப்பலை 64 மீட்டர் தள்ளிப் பார்ப்பதும் ஒன்று. அந்தத் தூரத்தில் எது தெரியும், எது மறையும்? கப்பலின் அடிவயிற்றில் 4 அடி நீளமும் 14 அங்குல அகலமும் உள்ள செப்புத் தகடுகளை வரிசையாக அடித்திருப்பார்கள். மாதிரியில் ஒரு தகடு 19 மில்லிமீட்டர் நீளம், ஐந்தரை மில்லிமீட்டர் அகலம். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய விளிம்புகளும், தகட்டுக்குத் தகடு சற்றே மாறும் நிறமும் தெரியத்தான் வேண்டும். ஆணித்தலைகள் தெரியக் கூடாது. கடையில் கிட்டாக வாங்கும் தகடுகளில் ஆணிகள் புடைத்துக்கொண்டு நிற்கும். அவற்றை நிஜ அளவுக்குப் பெருக்கினால் ஒவ்வொன்றும் கைப்பிடி அளவு குமிழாகிவிடும். தேர்ந்த கை அவற்றைத் தேய்த்துச் சமமாக்கிவிடும். கறுப்பும் அப்படியே. தூரத்துக் கறுப்பைக் காற்று வெளிறச் செய்யும் என்பதால் சுத்தக் கறுப்பைப் பூசாமல் அடர்ந்த சாம்பலைப் பூசுவார்கள்.

கயிறுகளுக்கு வந்தால் என்னால் சீக்கிரம் நகர முடிவதில்லை. பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் கனத்த கயிறுகள் மாதிரியில் சுமார் 1 மில்லிமீட்டர். அவற்றின் குறுக்கே மாலுமி கால் வைத்து ஏறும் மெல்லிய கயிறுகள் 0.2 மில்லிமீட்டர், ஒன்றுக்கொன்று இடைவெளி ஐந்தரை மில்லிமீட்டர். கடக்கும் இடமெல்லாம் ஒரு முடிச்சு. மூன்று மரத்துக்கும் சேர்த்து அவை ஆயிரக்கணக்கில் போகும். இறுக்கிக் கட்டினால் கனத்த கயிறுகள் உள்ளே சுருங்கி இடுப்பு விழும்; தளர்த்தினால் வலை தொங்கும். மாலுமியின் பாரம் பட்ட கயிற்றில் இருக்கும் அந்த மிகச் சிறிய தொய்வு ஒவ்வொரு படியிலும் ஒரே மாதிரி வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால், கட்டியவரின் முன்னால் வணங்கலாம்.

தையல் நூலை அப்படியே எடுத்துக் கட்டுகிறவர்கள் உண்டு. பிசிறு உடனே காட்டிக்கொடுத்துவிடும். உண்மையான கைக்காரர் நூலைப் புரியாக்கி, மூன்று புரியை முறுக்கித் தானே கயிறு திரிப்பார். ஒரு முனையில் மூன்று கொக்கி, மறுமுனையில் ஒன்று, நடுவில் பள்ளம் வெட்டிய கூம்பு. ஆலப்புழைக் கயிற்றுக்களத்தில் ராட்டு சுற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. அதே வேலை மேசைமேல் நடக்கிறது. நங்கூரக் கயிறு என்றால் மூன்று கயிற்றை எதிர்ப்பக்கமாக மறுபடி முறுக்க வேண்டும். முறுக்கின் திசை தவறாமல் இருப்பதைக் கண்டுகொள்ளும்போது கிடைக்கும் மகிழ்ச்சி, பாடகர் நுணுக்கமான கமகத்தைப் பிசகாமல் பிடிக்கும்போது கேட்பவருக்குக் கிடைப்பதுதான்.

திருவனந்தபுரத்துக்கு நுண்வேலை புதிதல்ல. திருவிதாங்கூர் மகாராஜா விக்டோரியா மகாராணிக்கு அனுப்பிய தந்த அரியணை 1851 லண்டன் மாபெரும் கண்காட்சியில் வைக்கப்பட்டது. தந்த வணிகத்தைச் சட்டம் நிறுத்திய பிறகு அந்த மரபின் கைகள் மரத்துக்கு மாறின. இன்று ஈட்டி மரத்தில் சுண்டன் வள்ளப் படகும் கதகளி முகமும் செதுக்குகின்றன. ரேகை தெரியாத தந்தத்தில் மயிரிழை அளவுக்கு வேலை செய்யத் தெரிந்த கைகள் அவை. டிரிங்கோமலியின் அணியத்தில் தலைப்பாகை கட்டிய ஆண் உருவம் ஒன்று உண்டு. அதை மாதிரிக்கேற்ற சிறிய அளவில், முகக்களை கெடாமல் செதுக்க வேண்டுமென்றால் நான் அந்தக் கைகளிடம்தான் போவேன்.

கப்பல் அங்கே இருக்கிறது; அதற்குப் போன மரத்தின் காடு இங்கே இருக்கிறது. நம் மலைத்தேக்கு என்னவாக மாறியது என்பதைத் திருவனந்தபுரத்துப் பிள்ளைகள் குனிந்து, தண்ணீர்க்கோட்டில் கண் வைத்துப் பார்க்கும்படி, 1847இன் கோலத்தில் ஒரு டிரிங்கோமலி இந்த ஊரில் கட்டப்பட வேண்டும். அதற்கு வேண்டிய மரமும் கயிறும் கையும் இங்கேயே இருக்கின்றன.