நிஜாம் வம்சமும் ‘முஸ்லிம் ஆட்சி’ என்கிற சொல்லாடலும்

ஹைதராபாத் என்று பேச்செடுத்தாலே நம் தோழர்கள்கூட ‘அது முஸ்லிம் ஆட்சிதானே’ என்று சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். ஆசஃப் ஜாஹி வம்சத்தார் 1724 முதல் 1948 வரை ஆண்டார்கள், சரி. ஆனால் அந்த அதிகாரம் கிராமத்துக்குள் எந்த முகத்தோடு போய் நின்றது என்பதுதான் என் கேள்வி.

சமஸ்தானத்து நிலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நிஜாமின் சொந்தச் சொத்து. மூன்று பங்கு ஜாகீர்தார்களிடம். மீதி அரசு நிலம். அதில் வரி வசூலிக்கும் உரிமையை வைத்துக்கொண்டு கொழுத்தவர்கள் தேஷ்முக்குகள். தெலங்கானாவில் இவர்களில் பெரும்பாலோர் ரெட்டி, வெலமா சாதியினர். விஸ்நூர் தேஷ்முக் ராமச்சந்திர ரெட்டியிடம் மட்டும் 40,000 ஏக்கர் என்று சுந்தரய்யா கணக்குச் சொல்கிறார். சம்பளமில்லாத வெட்டி வேலை வாங்கியதும் இவர்கள்தாம். வழக்காடித் தன் துண்டு நிலத்தைக் காப்பாற்றிக்கொண்ட ஷேக் பந்தகியை 1940களின் தொடக்கத்தில் கொன்றது இந்த விஸ்நூர்க்காரரின் ஆட்கள். ‘முஸ்லிம் ஆட்சி’யில் ஓர் ஏழை முஸ்லிமை இந்து நிலவுடைமையாளர் கொல்ல முடிந்திருக்கிறது. இதை எந்தக் கட்டத்துக்குள் போட்டு அடைப்பது?

வம்சத்தைப் புனிதமாக்குகிற எதிர்க்கதையாடலும் எனக்கு ஒப்பவில்லை. 1918இல் உருது வழியில் உஸ்மானியா பல்கலைக்கழகம் கண்டது பெரிய காரியம்தான், மறுக்கலை. ஆனால் குடிகளில் பெரும்பாலோர் பேசிய தெலுங்கும் மராத்தியும் கன்னடமும் அங்கே பயிற்றுமொழி ஆகவில்லை. ரசாக்கர்களை எதிர்த்து எழுதிய பத்திரிகையாசிரியர் ஷோயபுல்லா கான் 1948 ஆகஸ்டில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரும் முஸ்லிம்தான்.

அடுத்த மாதம் 13ஆம் தேதி ராணுவம் டாங்கிகளோடு நுழைந்தது. அதற்குப் பெயர் ‘போலீஸ் நடவடிக்கை’யாம்! 17ஆம் தேதி நிஜாம் பணிந்தார். அதையொட்டி நடந்த கொலைகளில் 27,000 முதல் 40,000 பேர்வரை செத்திருக்கலாம் என்றது மத்திய அரசே அனுப்பிய சுந்தர்லால் குழு. செத்தவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். உஸ்மானாபாத், குல்பர்கா, பீதர், நாந்தேட் பக்கம்தான் மிக மோசம். அறிக்கையைப் பல பத்தாண்டுகள் வெளியிடாமலே பூட்டி வைத்திருந்தார்கள். நிஜாமுக்கு என்ன ஆச்சு? 1956 வரை ராஜப்பிரமுகர் பதவி, ஆண்டுக்கு 50 லட்சம் ரூபாய் மன்னர் மானியம். வம்சத்தின் கணக்கைக் குடிகள் தலையில் எழுதித் தீர்த்திருக்கிறார்கள்.

2022 முதல் மத்திய அரசு செப்டம்பர் 17ஐ ‘ஹைதராபாத் விடுதலை நாள்’ என்று கொண்டாடிவருகிறது. அதே ராணுவம்தான் 1951 வரை கம்யூனிஸ்டுகளையும் விவசாயிகளையும் வேட்டையாடியது. ஊரைவிட்டு ஓடிப்போயிருந்த தேஷ்முக்குகள் அதன் பின்னாலேயே கிராமத்துக்குத் திரும்பி வந்து, விவசாயிகள் பங்கிட்டுக்கொண்ட நிலத்தைத் திருப்பிக் கேட்டார்கள்.