வீரமாமுனிவரின் "அறியேன்"

தேம்பாவணி பற்றிப் பேச்சு வந்தாலே முதலில் வருவது வியப்புதான். "ஒரு இத்தாலிக்காரர் தமிழ்ல காப்பியமே பாடிட்டாரே!" வியப்பதில் தப்பில்லை. 1680-ல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி முப்பது வயதுவாக்கில் தமிழ்நாட்டுக்கு வந்து, வீரமாமுனிவராகி, 1726-ல் 3615 பாடல்கள் கொண்ட ஒரு காப்பியத்தை முடித்தார் என்றால் யாருக்கும் மலைப்பு வரும். ஆனால் இந்தப் பாராட்டில் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. மேடையில் வெள்ளைக்காரர் "வணக்கம்" சொன்னதும் கைதட்டுகிறோமே, கிட்டத்தட்ட அந்த வகைப் பாராட்டு இது. தட்டி முடித்ததும் பாட்டைப் படிக்காமல் எழுந்து போய்விடுகிறோம்.

வியப்பை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்கலாம். பிற்பாடு கற்ற மொழியில் எழுதியதால் அந்தக் கவிஞருக்குக் கிடைத்தது என்ன?

முதலில் குறை. நாட்டுப் படலம், நகரப் படலம் போன்ற பகுதிகளை வாசிக்கும்போது, எல்லாப் பாடத்திலும் நூற்றுக்கு நூறு வாங்கிய மாணவரின் விடைத்தாளைப் பார்க்கிற உணர்வு எனக்கு வருகிறது. கதை நடப்பது யூதேயாவில். ஆனால் மழை பொழிவதும் வயல் செழிப்பதும் சிந்தாமணியும் கம்பனும் போட்ட தடத்திலேயே போகின்றன. யாப்பில் பிசகில்லை, அணியில் குறைவில்லை. யாரும் தன்னை வெளியாள் என்று சொல்லிவிடக் கூடாது என்ற கவனம் மட்டும் கொஞ்சம் தூக்கலாகத் தெரிகிறது. அந்தக் கவனம் கூடக்கூட, கவிஞர் மறைந்துபோகிறார்.

இப்போது கருணையனின் புலம்பலுக்கு வாருங்கள். பத்தாம் வகுப்புப் பாடமாகப் பலர் படித்திருப்பீர்கள். திருமுழுக்கு யோவானுக்கு முனிவர் வைத்த பெயர் கருணையன். காட்டில் தாய் எலிசபெத் இறந்துவிட, தனித்து நிற்கும் சிறுவன் அழுகிறான். அங்கே உவமைகளை விட என்னைப் பிடித்து நிறுத்துவது அவன் அடுக்கும் இயலாமைதான். பிழைக்கும் முறை அறியேன், உணவு தேடும் வழி அறியேன், காட்டில் போகும் பாதை அறியேன் என்கிற பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக வருகிறது.

புதிய மொழிக்குள் நுழைந்த எவருக்கும் இந்தப் பட்டியல் தெரியும். எதை எப்படிக் கேட்பது, எந்தச் சொல் எங்கே கொண்டுபோய் விடும், ஒன்றுமே தெரியாது. கைபிடித்துக் கூட்டிப்போகத் தாய்மொழியும் பக்கத்தில் இல்லை. முனிவர் தன் கதையைத்தான் எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் இந்த இடத்தில் பாட்டு தன் புலமையைக் காட்டுவதை நிறுத்திவிடுகிறது. தெரியாது என்று சொல்லும் இடத்தில்தான் அவருடைய தமிழ் மிகவும் சொந்தமாக ஒலிக்கிறது.

பெயர்களையே பாருங்களேன். சூசை என்று வழங்கிவந்த யோசேப்புக்கு அவர் "வளன்" என்று பெயரிடுகிறார். அந்த எபிரேயப் பெயருக்குள் பெருகுதல் என்ற பொருள் இருக்கிறது. யோவானின் பெயருக்குள் இறைவனின் கருணை இருக்கிறது. பிறந்ததிலிருந்து ஒரு பெயரைச் சொல்லிப் பழகியவர்கள் அதைத் திறந்து பார்ப்பதில்லை. வெளியிலிருந்து வந்தவர் ஒவ்வொரு சொல்லையும் தட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறார்.

எழுத்திலும் இதே கதைதான். அந்தக் காலத்து ஓலையில் "பெறு", "பேறு" இரண்டையும் பார்வையில் பிரிப்பது கடினம். குறிலுக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்பது இலக்கணம், ஆனால் ஓலை கிழியுமே என்று புள்ளியை விட்டுவிடுவார்கள். தமிழிலேயே வளர்ந்தவர் இடம் பார்த்துப் படித்துக்கொள்வார். புதிதாகக் கற்பவர் தடுக்கி விழுவார். இன்று நாம் எழுதும் நெடில் கொம்பு முனிவரின் சீர்திருத்தம் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அப்படியானால், ஒருவர் தடுக்கிய கல் நம் எல்லோருக்கும் படியாகிவிட்டது. 1732-ல் அவர் தொகுத்த சதுரகராதியின் நான்கு பகுதிகளில் ஒன்று தொடையகராதி, அதாவது எதுகைக்குச் சொல் தேடுவோருக்கானது. காதுவழியாக எதுகை வந்துசேராத ஒருவருக்கு அதன் அருமை நன்றாகவே தெரிந்திருக்கும்!

வேறு மொழியில் கவிதை எழுதிப் பார்க்கிறவர்கள் இன்று நம்மிடையே ஏராளம். "பிறவி எழுத்தாளர் எழுதின மாதிரியே இருக்கே" என்ற பாராட்டுக்குத்தான் பெரும்பாலும் ஏங்குகிறார்கள். அந்தப் பாராட்டு நாட்டுப் படலத்துக்குக் கிடைக்கும். கருணையனின் காட்டுக்குள் போவதற்கு அது போதாது. அங்கே போக, தெரியாத்தனத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போக வேண்டும்.