கார் கீறலும் கண்ணாடிக் கோடும்: கம்பவுண்ட் முதல் மைக்ரோஃபைபர் வரை ஒரு மதிப்பீடு

காரின் நிறம் அதன் வெளிப்பரப்பில் இல்லை. ஒரு அடுக்குக்குக் கீழே இருக்கிறது. இரும்புத் தகட்டின் மேல் துருவைத் தடுக்க மின்சார முறையில் படியவைத்த அடிப்பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேல் நிறமில்லாத கிளியர் கோட் என்று மொத்தம் நான்கு அடுக்குகள். தொழிற்சாலையிலிருந்து வரும் பெரும்பாலான கார்களில் இந்த நான்கும் சேர்ந்தே 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும். கிளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. கிளியர் கோட்டோடு நின்றுபோன கீறலைத்தான் லேசான கீறல் என்கிறார்கள். வீட்டில் கையால் எடுக்க முடிவதும் அது மட்டுமே.

எடுப்பது என்றால், பள்ளத்தை நிரப்புவது அல்ல. பள்ளத்தின் இருபுறமும் உள்ள கிளியர் கோட்டை நுண்ணிய துகள்களால் தேய்த்து, பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவருவதுதான் இந்த வேலை. கூர்மையான விளிம்புகளில் ஒளி சிதறுவதால்தான் கீறல் வெள்ளையாகத் தெரிகிறது. விளிம்பு மழுங்கினால் சிதறல் நிற்கும், கீறல் கண்ணுக்குப் படாது. ஆனால் ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் கிளியர் கோட் சில மைக்ரான் குறைகிறது. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதே அடுக்கு என்பதால், குறைவாகத் தேய்த்துக் காரியத்தை முடிக்கும் பொருளே நல்ல பொருள். இந்த மதிப்பீடு முழுவதற்கும் அதுவே அளவுகோல்.

முதலில் ஆழம் பார்த்தல்

கீறலுக்குக் குறுக்காக விரல் நகத்தை மெல்ல ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் தடுக்காமல் வழுக்கிப் போனால் கம்பவுண்ட் என்னும் தேய்ப்புக் குழம்பு போதும். நகம் சிக்கினால் பள்ளம் ஆழமானது. கீறல் மங்கலாம், முழுதாக மறையாது. இரண்டாவது சோதனை தண்ணீர். இடத்தை நனைத்ததும் கீறல் காணாமல் போய், காய்ந்ததும் திரும்பி வந்தால் அது கிளியர் கோட்டில்தான் இருக்கிறது. நனைத்த பிறகும் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ தெரிந்தால் பிரைமர் வரை போய்விட்டது. அதற்குத் தேய்ப்பு உதவாது. காரின் பெயின்ட் குறியீட்டுக்குப் பொருந்தும் டச்-அப் பெயின்ட்தான் வழி. இரும்பு தெரிந்தால், அதிலும் கடலோர ஊர்களில், தள்ளிப்போடக் கூடாது. உப்புக் காற்றில் துரு பக்கவாட்டில் பெயின்டுக்கு அடியில் பரவும்.

பம்பரில் தெரியும் பல கோடுகள் கீறலே அல்ல. உரசிய வண்டியின் அல்லது தூணின் பெயின்ட் ஒட்டிக்கொண்டிருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தாலோ, களிமண் போன்ற கிளே பாரை நீர் தெளித்து மெல்ல ஓட்டினாலோ அதில் ஒரு பகுதி வந்துவிடலாம். அடியில் மிஞ்சுவது எவ்வளவு என்று பார்த்த பிறகே கம்பவுண்டைத் திறப்பது நல்லது.

கையால் போடும் கம்பவுண்ட்

3எம், மெகயார்ஸ், டர்ட்டில் வேக்ஸ், ஃபார்முலா 1 போன்ற பெயர்களில் கிடைக்கும் கம்பவுண்டுகளும் ஸ்கிராட்ச் ரிமூவர்களும் ஒரே அடிப்படையில் வேலை செய்கின்றன: நுண்துகள்கள், அவற்றைச் சுமக்கும் எண்ணெயும் நீரும் கலந்த குழம்பு. துகள்களில் அலுமினியம் ஆக்ஸைடு பரவலாகப் பயன்படுகிறது. சில வகைகளில் தேய்க்கத் தேய்க்கத் துகள் உடைந்து சன்னமாகும். அவற்றைப் பாதியில் நிறுத்தினால் மூட்டம் போட்டது போன்ற வெள்ளைத் தழும்பு மிஞ்சும். மெகயார்ஸின் அல்டிமேட் கம்பவுண்டில் துகள்கள் முதலிலிருந்தே ஒரே சீரான நுண்ணளவில் இருப்பதால் அந்தத் தொல்லை குறைவு. கையால் வேலை செய்பவருக்கு இரண்டாவது வகையே பொருத்தம்.

கம்பவுண்டின் தரத்தைச் சோதிக்க ஏற்ற இடம் கறுப்பு நிறக் காரின் கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் இருக்கும் குழி. மோதிரமும் நகமும் சாவியும் நாள்தோறும் படுவதால் அங்கே மெல்லிய வளைகோடுகள் வலைபோல் பின்னியிருக்கும். இடம் சிறியது, வளைவானது. இயந்திரம் எளிதில் நுழையாது. கார் ஷாம்பூவால் கழுவித் துடைத்த பின், கைப்பிடியின் ரப்பர் ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் கம்பவுண்ட் கறுப்பு ரப்பரில் காய்ந்து வெள்ளையாக நிற்கும். பிறகு பல் துலக்கும் பிரஷ்ஷோடு அரைமணி நேரம் போய்விடும். ஃபோம் பேடில் பட்டாணி அளவு எடுத்து, மிதமான அழுத்தத்தில், ஒன்றன்மேல் ஒன்று படியும்படி நேர்கோடுகளாகத் தேய்க்க வேண்டும். முதலில் வெள்ளையாக இருக்கும் குழம்பு ஒரு நிமிடத்துக்குள் கண்ணாடிபோல் தெளிந்த படலமாக மாறும். அப்போது சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தெடுக்கலாம்.

இந்தக் கட்டத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். கம்பவுண்டில் உள்ள எண்ணெய் மிச்சக் கீறலை மூடிக்கொண்டு பளபளப்பாகக் காட்டும். இரண்டு கழுவலுக்குப் பிறகு கீறல் திரும்பி வரும். சம அளவு ஆல்கஹாலும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்து துடைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால்தான் உண்மை நிலை தெரியும். கைப்பிடிக் குழியின் மெல்லிய வலை பெரும்பாலும் இரண்டு சுற்றில் மறைந்துவிடுகிறது. நகம் சிக்கும் ஒன்றிரண்டு கோடுகள் மட்டும் மங்கலாக நிற்கும். மூன்றாவது சுற்றுக்குப் பிறகும் நிற்பதை அப்படியே விட்டுவிடுவதுதான் சரி. தேய்த்த இடத்தில் பாதுகாப்பு எதுவும் மிஞ்சியிருக்காது என்பதால் கடைசியில் வேக்ஸ் அல்லது சீலன்ட் பூச வேண்டும்.

வெயிலில் நின்ற தகட்டில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. கை வைத்தால் சுடும் தகட்டில் குழம்பு நொடியில் காய்ந்து, துகள் மட்டும் மிஞ்சிப் புதுக் கோடுகள் போடும். காலை நேரமும் நிழலும் கட்டாயம்.

இயந்திரம் எப்போது?

பானெட் முழுவதும் சூரிய ஒளியில் சிலந்தி வலைபோல் மின்னும் சுழல்கோடுகளைக் கையால் சமப்படுத்துவது நடைமுறையில் ஆகாது. அதற்கு டூயல் ஆக்ஷன் பாலிஷர் வேண்டும். இதில் பேட் தன் அச்சில் சுற்றிக்கொண்டே சற்று விலகிய ஒரு வட்டத்திலும் அசைகிறது. ஒரே புள்ளியில் வெப்பம் சேர்வதில்லை, அதிகம் அழுத்தினால் சுழற்சி தானாக நின்றுவிடும். இத்தாலியின் ரூப்பெஸ் போன்ற நிறுவனங்கள் 15, 21 மில்லிமீட்டர் அசைவு கொண்டவற்றை விற்கின்றன. பெரிய அசைவு விரிந்த தட்டையான பரப்புக்கு வேகம் தரும். வளைவுகள் நிறைந்த காருக்குச் சிறிய அசைவே வசதி.

பல ஒர்க்‌ஷாப்புகளில் இருப்பது ரோட்டரி இயந்திரம். ஒரே அச்சில் சுழலும் இது ஆழமான கோட்டையும் விரைவில் வெட்டும். பழகாத கையில், பானெட்டின் விளிம்பிலோ கதவின் மடிப்பிலோ கிளியர் கோட்டைத் துளைத்து நிறத்தை எட்டிவிடும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் இரும்புபோல் வெப்பத்தைக் கடத்தாது. அங்கே ஆபத்து இன்னும் அதிகம். மெஷின் பாலிஷ் போடக் கொடுப்பவர் எந்த வகை இயந்திரம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மேட் ஃபினிஷ் பெயின்ட், பிபிஎஃப் எனப்படும் பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டிய பரப்பு இரண்டிலும், கையாலோ இயந்திரத்தாலோ, கம்பவுண்ட் போடவே கூடாது. செராமிக் கோட்டிங் உள்ள காரில் தேய்த்த இடத்தில் அந்தப் பூச்சு போய்விடும். கீறலை எதிர்க்கும் கிளியர் கோட்டை மெர்சிடிஸ் 2003-இல் கொண்டுவந்தது. மெல்லிய கீறல் தானே மூடிக்கொள்ளும் பூச்சை நிஸ்ஸான் 2005-இல் அறிவித்தது. ஆனாலும் சாலையில் ஓடும் பெரும்பாலான கார்களில் வழக்கமான கிளியர் கோட்தான்.

தவிர்க்க வேண்டியவை

டூத் பேஸ்டிலும் தேய்ப்புத் துகள் உண்டு. மிக மெல்லிய உரசலை அது மங்கச் செய்யும். ஆனால் துகளின் அளவு பெயின்டுக்காக வகுக்கப்பட்டதல்ல, பளபளப்பு மங்கிய திட்டு விழலாம். வாட்டர் பேப்பர், 2000 அல்லது 3000 கிரிட் ஆனாலும், வீட்டில் எடுக்க வேண்டியதில்லை. கீறல் மறைக்கும் பேனாக்கள் எந்த நிறத்துக்கும் பொருந்தும் என்று விற்கப்படுகின்றன. அவை தடவுவது நிறமற்ற திரவம், நிறம் போன கீறலை அது மூடாது. சிறு கீறலுக்காகக் காப்பீட்டுக் கோரிக்கை வைப்பதும் கணக்குக்கு ஒத்துவராது. இந்தியாவில் கோரிக்கை இல்லாத முதல் ஆண்டுக்கு 20 விழுக்காட்டில் தொடங்கி 50 விழுக்காடு வரை ஏறும் நோ கிளெய்ம் போனஸ் அதனால் போய்விடும்.

கண்ணாடியில் கோடு ஏன் விழுகிறது?

துடைத்த கண்ணாடியில் தெரியும் கோடு, ஆவியான திரவம் விட்டுச்சென்ற மிச்சம். அது மூன்று வழிகளில் வருகிறது: தண்ணீரில் கரைந்துள்ள உப்புகள், அளவுக்கு மீறிய சோப்பு, துணியில் ஏற்கெனவே இருக்கும் எண்ணெய்ப் பசை. தமிழ்நாட்டில் பல இடங்களில் போர் தண்ணீர் கடினமானது. கால்சியமும் மக்னீசியமும் நிறைந்தது. அதில் கழுவிய கண்ணாடியைக் காயவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் நிச்சயம். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரில் உப்பு இன்னும் செறிவாக இருக்கும். காருக்கு அது ஆகாது. ஏசியிலிருந்து சொட்டும் நீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வந்தது, உப்பு ஏறக்குறைய இல்லாதது. துணியில் வடிகட்டிக் கடைசித் துடைப்புக்கு அதைப் பயன்படுத்தலாம்.

வெள்ளைப் புள்ளி ஏற்கெனவே விழுந்திருந்தால் வினிகரும் நீரும் சம அளவு கலந்து, கண்ணாடியில் மட்டும் தடவி, சில நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். கார்பனேட் உப்பு அமிலத்தில் கரையும். மாதக்கணக்கில் வெயிலில் சுட்ட புள்ளிகள் கண்ணாடியையே அரித்திருக்கும். அதற்கு சீரியம் ஆக்ஸைடு பாலிஷ் தேவை. வைப்பர் போட்ட ஆழமான கோட்டை அதைக்கொண்டு எடுக்க முயன்றால் பார்வை வளைந்து தெரியும்.

முன்கண்ணாடியின் உட்புறம் தனிப் பிரச்சினை. வெயிலில் டேஷ்போர்டு சூடாகும்போது, பிளாஸ்டிக்கை மென்மையாக வைக்கச் சேர்த்த வேதிப்பொருள்கள் ஆவியாகி, கண்ணாடியில் மெல்லிய எண்ணெய்ப் படலமாகப் படிகின்றன. பகலில் தெரியாத இந்தப் படலம், இரவில் எதிரே வரும் ஹெட்லைட் பட்டதும் கண்ணாடி முழுவதும் வெளிச்சத்தைப் பரப்பிச் சாலையை மறைக்கும். அழகு ஒருபுறம் இருக்கட்டும், இது உயிர் தொடர்பானது. சிலிகான் கலந்த டேஷ்போர்டு பாலிஷ் இதைக் கூட்டும். சோப்பு நீர் இந்தப் படலத்தை இழுத்துப் பூசுமே தவிர எடுக்காது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் டிஸ்டில்டு வாட்டரும் சம அளவு கலந்தது நன்றாக எடுக்கிறது. திரவத்தைக் கண்ணாடியில் பீய்ச்சாமல் துணியில் தெளித்துத் துடைத்தால் டேஷ்போர்டில் சிந்தாது. ஆல்கஹால் தீப்பற்றக்கூடியது, அந்த பாட்டிலை வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்கக் கூடாது. ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியில் அமோனியா கலந்த கிளீனர் படக் கூடாது.

துடைக்கும் முறையில் இரண்டு துணி விதி பயன் தருகிறது: ஈரத் துணி அழுக்கை இளக்க, காய்ந்த துணி உடனே ஒற்றி எடுக்க. உட்புறத்தை மேலும் கீழுமாகவும் வெளிப்புறத்தைப் பக்கவாட்டிலும் துடைத்தால், மிஞ்சிய கோடு எந்தப் பக்கம் என்று அதன் திசையே காட்டிவிடும். கதவுக் கண்ணாடியைச் சற்று இறக்கி மேல் விளிம்பையும் துடைக்க வேண்டும். பின்கண்ணாடியின் டீஃபாகர் கம்பிகள் மேல் அவை ஓடும் திசையிலேயே துடைப்பது பாதுகாப்பு. வைப்பர் ரப்பரின் ஓரத்தைத் துடைக்காவிட்டால் முதல் மழையிலேயே கோடு திரும்பும்.

துணியே முதல் கருவி

பழைய செய்தித்தாள் நூல் விடாமல் துடைக்கும்; ஆனால் மை ரப்பர் பீடிங்கில் ஒட்டும். ஒர்க்‌ஷாப்புகளில் எடைக்கு வாங்கும் பனியன் வேஸ்ட் எண்ணெய் துடைக்க ஏற்றது. அதன் தையல் முடிச்சும் அதில் சிக்கிய மணலும் பெயின்டைக் கீறும். கண்ணாடிக்கு வாஃபிள் நெசவு மைக்ரோஃபைபரும், பெயின்டுக்கு 300 ஜிஎஸ்எம்முக்கு மேற்பட்ட தடிமன் துணியும் சரியான தேர்வு. இவற்றைத் தனியாகத் துவைக்க வேண்டும். ஃபேப்ரிக் கண்டிஷனர் போட்டால் நுண்ணிழைகள் அடைத்து, உறிஞ்சுவதற்குப் பதில் கோடு போடும்.

ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்த பிறகு நகத்தால் சுரண்டினால் பானெட்டில் கீறல் விழும். ஈரத் துணியை மேலே சிறிது நேரம் வைத்து ஊறவிட்டால் தானே வந்துவிடும்.

தீர்ப்பு

ஒன்றிரண்டு கீறல் உள்ளவருக்குச் சில நூறு ரூபாயில் கிடைக்கும் சன்னமான கம்பவுண்டும் ஒரு ஃபோம் பேடும் போதும். கார் முழுவதும் சுழல்கோடு இருந்தால் மட்டும் டூயல் ஆக்ஷன் இயந்திரத்துக்கோ, அதைக் கையாளத் தெரிந்த கடைக்கோ செலவிடலாம். கண்ணாடிக்கு விலையுயர்ந்த ஸ்பிரே தேவையில்லை. ஆல்கஹால் கலவையும் இரண்டு நல்ல துணியும் அதே வேலையைச் செய்கின்றன. எதை வாங்குவதற்கும் முன், தினமும் காலையில் தூசி படிந்த காரைக் காய்ந்த துணியால் தட்டித் துடைக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். சுழல்கோடுகளில் பெரும்பாலானவை அந்தத் துணியால் விழுபவையே.